ஒரு கணினியின் வாரிசுகள்



காணி ஒன்று கைமாறும்போது நொத்தாரிசு எழுதும் உறுதியில் நான்கு எல்லைகளும் குறிக்கப்படுகின்றன. நிலத்தின் பரப்பு, அதிலுள்ள வீடு, கிணறு, வான்பயிர் யாவும் சொல்லப்படுகின்றன. ஆனால், அம்மண்ணை இருபது ஆண்டுகள் உழுது பண்படுத்தியவனின் கைப்பழக்கம் எந்த உறுதியிலும் எழுதப்படுவதில்லை. வேலியோரத்து மரநிழலை நம்பி வழிநடப்போரின் எதிர்பார்ப்பும் அவ்வாறே. வாங்கியவர் கையில் உறுதி இருக்கிறது. எஞ்சியவை எங்கே போகின்றன?

காணிக்குப் பொருந்தும் இவ்வினா பொறிகளுக்கும் பொருந்தும். ஒருவர் ஆக்கிய பொறியின் உற்பத்தியை மற்றொருவர் பொறுப்பேற்கும்போது, அவர் உண்மையில் எதை வாங்குகின்றார்? எதை வாங்காது விடுகின்றார்? இவ்வினாவுக்கு விடை காணப் பொருத்தமான ஒரு வரலாறு பிரித்தானியாவில் நிகழ்ந்தது. அது ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினியின் வரலாறு.

கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய சின்க்ளேர் றிசேர்ச் என்னும் கம்பனி, 1982ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் இக்கணினியை வெளியிட்டது. கம்பனியின் தலைவர் கிளைவ் சின்க்ளேர். எப்பொருளையும் சிறிதாகவும் மலிவாகவும் ஆக்கவேண்டுமென்பது அவருடைய வாழ்நாள் வேட்கை. 16 கிலோபைட்டு நினைவகம் கொண்ட பொறியின் விலை 125 பவுண். 48 கிலோபைட்டு கொண்டதன் விலை 175 பவுண். வீட்டிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை. சாதாரண ஒலிநாடாக் கருவியே அதற்குப் பண்டகசாலை. அதன் விசைகள் சாம்பல் நிற இறப்பரால் ஆனவை. தொட்டால் மெத்தென்றிருக்கும் அவ்விசைகளில்தான் அந்நாட்டு இளைஞர் பலர் கணினிக்குக் கட்டளை எழுதப் பழகினர்.

விலை குறைந்தமைக்குத் தலையாய காரணம் பொறியினுள் இருந்த ஒரு 'சிப்' ஆகும். யூ.எல்.ஏ. என்று அதனை அழைப்பர். ஃபெரான்டி என்னும் கம்பனி இத்தகைய சிப்களை முக்காற் பங்கு முடித்த நிலையில் செய்து வைத்திருந்தது. வாங்குவோர் தம் தேவைக்கேற்ப இறுதி இணைப்புகளை மட்டும் வரைந்து கொடுத்தாற் போதும். திரையில் உருவத்தை வரைதல், விசை அழுத்தப்பட்டதை அறிதல், ஒலிநாடாவுடன் பேசுதல் ஆகிய வேலைகளையெல்லாம் இவ்வொரு சிப் செய்தது. பல பத்துச் சிறு சிப்கள் செய்யவேண்டிய வேலை ஒன்றுள் அடங்கியது. சிக்கனம் பெரிது; ஆயினும் அச்சிக்கனத்துள் ஓர் இடர் மறைந்திருந்தது. இந்த யூ.எல்.ஏ. கடையில் வாங்கக்கூடிய பொதுப்பொருளன்று. அதைச் செய்வோர் நிறுத்திவிட்டால் அதற்கு மாற்று இல்லை. இதனை நேயர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

சின்க்ளேர் கம்பனிக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. பொறிகளைப் பொருத்தியவர்கள் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத் தொழிலாளர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே டைமெக்ஸ் கம்பனி கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்றை நிறுவியிருந்தது. அதில் வேலை செய்தோரிற் பெரும்பாலார் பெண்கள். கடிகாரத்தின் நுண்ணிய உறுப்புகளைப் பொருத்திப் பழகிய விரல்கள் கணினியின் உறுப்புகளையும் பொருத்தலாயின. கேம்பிரிட்ஜில் வரையப்பட்ட கோடுகள் டண்டீயிலேயே பொருளாயின.

புகழ் வளர்ந்தது, கிளைவ் சின்க்ளேர் 1983இல் சேர் பட்டம் பெற்றார். பின்னர் சறுக்கல் தொடங்கிற்று. 1984 சனவரி 12ஆம் நாள் கியூ.எல். என்னும் புதிய கணினியை 399 பவுண் விலையில் அறிவித்தனர். பொறி முற்றுப்பெறுமுன்பே அறிவித்துவிட்டமையால், பணம் கட்டியோர் மாதக்கணக்கிற் காத்திருந்தனர். முதலில் வந்த பொறிகளின் பின்புறத்தில், உள்ளே அடங்காத ஒரு துண்டு துருத்திக்கொண்டிருந்தது. 1985 சனவரியில் வெளிவந்த சி5 என்னும் மின்வண்டியும் தோல்வியுற்றது. 1984ஆம் ஆண்டு நத்தார் வியாபாரமோ எதிர்பார்த்ததிற் குறைந்தது, பண்டகசாலைகளிற் கணினிகள் தேங்கின, கடன்காரர் நெருக்கினர். செய்தித்தாள் அதிபர் றொபேட் மக்ஸ்வெல் 1985 யூனில் கம்பனியை மீட்பதாக அறிவித்தார். ஓகஸ்டில் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது.

ஈற்றில் 1986 ஏப்பிரல் 7ஆம் நாள், சின்க்ளேர் கணினிகள் அனைத்தின் உரிமையும், கணினிக்கு அப்பெயரை இடும் உரிமையும், அலன் சுகரின் அம்ஸ்ட்ராட் கம்பனிக்கு விற்கப்பட்டன. விலை 50 இலட்சம் பவுண். இலட்சக்கணக்கான வீடுகளில் இடம்பிடித்த ஒரு பெயருக்கு இது பெருந்தொகையன்று.

புதிய உரிமையாளர் செய்ததை நடுநிலையுடன் நோக்குவோம். அலன் சுகர் பொறியின்மீது காதல் கொண்டவரல்லர், வியாபாரத்தை அறிந்தவர். வீட்டுக்காரருக்கு வேண்டியது கம்பிகள் குறைந்த, பழுது குறைந்த ஒரு பெட்டி என்பதை அவர் கண்டிருந்தார். 1986இலேயே வெளிவந்த 'பிளஸ் 2' என்னும் ஸ்பெக்ட்ரம், உறுதியான விசைப்பலகையும், உடன்பொருத்திய ஒலிநாடாக் கருவியும் கொண்டிருந்தது. 1987இல் வந்த 'பிளஸ் 3' வட்டு இயக்கி உடையது. அம்ஸ்ட்ராட் கைக்கு வராதிருப்பின் ஸ்பெக்ட்ரம் 1986 அளவில் முடிந்திருக்கக்கூடும். வந்தமையால் 1990களின் தொடக்கம்வரை அது விற்பனையில் இருந்தது. மொத்தம் ஏறத்தாழ 50 இலட்சம் ஸ்பெக்ட்ரங்கள் விற்பனையாயின என்பர். இந்த நன்மையை மறுத்தல் முறையன்று.

ஆனால், உறுதியில் எழுதப்படாதவற்றின் கதி வேறாயிற்று. முதலாவது, துணைக்கருவிகள். ஸ்பெக்ட்ரத்தின் பின்புறத்தில் ஓர் இணைப்புவாய் இருந்தது. அதனூடாக வேண்டிய கருவிகளை யாரும் செய்து பொருத்தலாம். அதனை நம்பிச் சிறு கம்பனிகள் பல பிழைத்தன. பிளஸ் 3இல் அவ்விணைப்பு மாற்றியமைக்கப்பட்டது. சின்க்ளேர் கம்பனியே முன்னர் விற்ற 'இன்டர்பேஸ் 1' என்னும் கருவிகூடப் புதிய பொறியில் இயங்கவில்லை. முற்றத்து வழியை நம்பி நடந்தவர்கள் வேலி அடைக்கப்பட்டிருக்கக் கண்டனர்.

இரண்டாவது, டண்டீ. அம்ஸ்ட்ராட் தன் பொறிகளை ஆசியாவிற் செய்வித்தது. டண்டீயில் சின்க்ளேர் வேலை முடிவுக்கு வந்தது. பலர் வேலை இழந்தனர். டைமெக்ஸ் தொழிற்சாலை மேலும் சில ஆண்டுகள் தள்ளாடி, 1993இல் கசப்பான வேலைநிறுத்தம் ஒன்றின் பின்னர் மூடப்பட்டது. எனினும் வரலாறு அவ்வளவில் நிற்கவில்லை. அத்தொழிற்சாலையில் பயிலுநராய் இருந்த டேவிட் ஜோன்ஸ், வேலை இழந்தபோது கிடைத்த பணத்தில் ஒரு கணினி வாங்கினார். பின்னர் டண்டீயில் விளையாட்டுகள் ஆக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1991இல் 'லெமிங்ஸ்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டு அங்கிருந்துதான் வந்தது. அந்நகரின் அபர்டே பல்கலைக்கழகம் 1990களிலேயே கணினி விளையாட்டு ஆக்கத்தைப் பட்டப்படிப்பாக்கியது. பொறியைச் செய்யும் உரிமை போயிற்று. பொறியோடு பழகிய அறிவு ஊரில் தங்கிவிட்டது.

மூன்றாவது, கியூ.எல். அதனை அம்ஸ்ட்ராட் வாங்கியது வளர்ப்பதற்கன்று, உற்பத்தி நிறுத்தப்பட்டது. பிறந்து இரண்டே ஆண்டுகளில் அக்கணினி அனாதையாயிற்று. ஆனால் அதை வாங்கியவர்கள் அதைக் கைவிடவில்லை. 1984இலேயே பயனர் சங்கம் அமைத்திருந்த அவர்கள், உதிரிப்பாகங்களையும் நிரல்களையும் தமக்குள் பகிர்ந்தனர். சீ.எஸ்.டி. என்னும் கேம்பிரிட்ஜ் கம்பனி கியூ.எல். வழியில் 'தோர்' என்னும் கணினியைச் செய்தது. மிராக்கிள் சிஸ்டம்ஸ் என்னும் சிறு கம்பனி, பழைய கியூ.எல்.லைப் பன்மடங்கு விரைவாக்கும் 'கோல்ட் கார்ட்' என்னும் சுற்றட்டையை ஆக்கியது. பின்லாந்தில் மாணவர் ஒருவர் கியூ.எல். வைத்திருந்தார். அதற்கு வேண்டிய நிரல்கள் அந்நாட்டில் எளிதிற் கிடைக்காமையால், அவற்றைத் தாமே எழுதப் பழகினார். அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991இல் அவர் தொடங்கிய லினக்ஸ் இன்று உலகெங்கும் இயங்குகின்றது.

நேயர்களே, விலை கொடுத்து வாங்கிய வாரிசைக் கண்டோம். கேளாமலே எடுத்துக்கொண்ட வாரிசுகளும் உண்டு. மேற்கு நாடுகளின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளாலும் வெளிநாட்டு நாணயத் தட்டுப்பாட்டாலும் கணினி வாங்கமுடியாதிருந்த சோவியத் பொறியியலாளர், 1980களின் பிற்பகுதியில் ஸ்பெக்ட்ரத்தைத் தாமே செய்ய முனைந்தனர். மூளையாகிய இசட் 80 சிப்புக்கு ஒத்த ஒன்று கிழக்கு ஜேர்மனியில் செய்யப்பட்டது. யூ.எல்.ஏ. மட்டும் கிடைக்கவில்லை. ஆகவே, அது செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, கடையிற் கிடைக்கும் சாதாரண சிப்கள் பலவற்றால் அவற்றைச் செய்வித்தனர். 'லெனின்கிராட்', 'பென்டகன்' முதலிய கணினிகள் இவ்வாறு தோன்றின. சட்டப்படி இது உரிமையற்ற செயல். ஆயினும், சொந்தச் சிப்பின்றி ஸ்பெக்ட்ரத்தை ஆக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் அவர்களே.

இப்பாடம் பிற்காலத்திற் பயன்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல, பழைய பொறிகள் மூப்படைந்தன. விசைகளின் அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தகடு உலர்ந்து வெடித்தது. யூ.எல்.ஏ. பழுதானால் மாற்றீடு இருக்கவில்லை. அதனைச் செய்த ஃபெரான்டி கம்பனியே 1993இல் வீழ்ந்தது. ஆரம்பத்தில் நான் குறிப்பிட்ட இடர் இதுவே. ஐம்பது இலட்சம் பவுணுக்கு உரிமை வாங்கிய கம்பனி இப்பொழுது கணினி செய்யவில்லை. செய்யவேண்டிய தேவையும் அதற்கில்லை. பழுதுபார்க்கும் கடமை யாருடையது?

அன்பர்கள் முன்வந்தனர். சிறு பட்டறைகள் புதிய விசைத் தகடுகளைச் செய்து விற்றன. புதிய மேலோடுகளும் வந்தன. கிறிஸ் ஸ்மித் என்னும் பொறியியலாளர் யூ.எல்.ஏ. சிப்பின் உட்புறத்தை ஆராய்ந்து, அதன் இணைப்புகளை விளக்கி 2010இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆக்கியோர் கம்பனிக் கோப்புகளில் அடங்கிக்கிடந்த அறிவு, யாவரும் படிக்கும் அறிவாயிற்று. சாதாரண சிப்களால் அவர் அமைத்த 'ஹார்லிகுயின்' என்னும் ஸ்பெக்ட்ரத்தைப் பின்பற்றிப் பிறரும் சுற்றட்டைகள் செய்தனர்.

2017இல் 'ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்' என்னும் புதிய கணினிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 7 இலட்சத்து 23 ஆயிரம் பவுணுக்கு மேற் சேர்ந்தது. யூ.எல்.ஏ.யின் வேலையை அதில் ஒரு புதுவகைச் சிப் செய்கின்றது. உள்ளமைப்பை வேண்டியவாறு எழுதி மாற்றக்கூடிய அச்சிப், ஒரு தொழிற்சாலையின் தனிப்பொருளன்று. அப்புதிய பொறியின் புறத்தோற்றத்தை வரைந்தவர் றிக் டிக்கின்சன். 1982இல் முதற் ஸ்பெக்ட்ரத்துக்கு உருவம் தந்தவரும் அவரே. வாங்கியோர் கைக்கு முழுமையான பொறிகள் 2020இல் சேர்ந்தன. டிக்கின்சன் அதனைக் காணவில்லை. 2018 ஏப்பிரலில் அவர் மறைந்தார். கிளைவ் சின்க்ளேர் 2021 செப்டெம்பரில் மறைந்தார்.

இவ்விடத்தில் அம்ஸ்ட்ராட் கம்பனி செய்த ஒரு நற்செயலையும் கூறவேண்டும். ஸ்பெக்ட்ரத்தின் நிரந்தர நினைவகத்தில் எழுதப்பட்ட அடிப்படை நிரல் அக்கம்பனியின் உடைமை. 1999இல், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஸ்பெக்ட்ரம்போல் இயங்கும் போலிநிரல்களுடன் அதனை இலவசமாக வழங்கலாம் என அது அனுமதி அளித்தது. அந்த அனுமதிக்குச் செலவு ஒன்றுமில்லை, பயனோ பெரிது. 2007இல் அம்ஸ்ட்ராட்டையே ஸ்கை என்னும் ஒளிபரப்புக் கம்பனி வாங்கியது. உறுதி மேலும் ஒருமுறை கைமாறியது.

ஆகவே, ஒரு பொறியின் உற்பத்தியைப் பொறுப்பேற்றல் என்பது ஒரு செயலன்று, மூன்று செயல்கள். பெயரையும் உரிமையையும் பெறுதல் ஒன்று. அது பணத்தால் முடியும். செய்யும் வகையை அறிதல் மற்றொன்று; அது உழைப்பால் முடியும். முன்னரே வாங்கி நம்பியிருப்போருக்கு விடைசொல்லுதல் மூன்றாவது. அது மனத்தால் மட்டுமே முடியும். அம்ஸ்ட்ராட் முதலாவதைச் செவ்வனே செய்தது. மூன்றாவதைப் பெரும்பாலும் பிறருக்கு விட்டது. ஸ்பெக்ட்ரம் இன்றும் இயங்குவதற்குக் காரணம், அந்த மூன்றாவதைக் கூலியின்றி ஏற்றுக்கொண்டவர்களே.

இன்று பொருள்களை ஆக்குவோர் இதிலிருந்து அறியவேண்டியது ஒன்றுண்டு. ஒரு பொருளை இனிச் செய்வதில்லை என்று முடிவுசெய்வோர், அதன் வரைபடத்தை வெளியிடலாம். பழுதுபார்க்க விரும்புவோருக்கு அனுமதி தரலாம். விற்கப்படாத காணியின் கதவைப் பூட்டித் திறப்பைக் கிணற்றில் எறிந்துவிட்டுப் போவது உடைமையாளரின் உரிமையாக இருக்கலாம். ஆனால் திறப்பை அயல்வீட்டிற் கொடுத்துச் செல்பவரைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கும்.