ஒரு முடியின் எடை

என் பாட்டியின் நகைகள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போனதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். ஒட்டியாணம் போயிற்று, அட்டிகை போயிற்று, கடைசியில் மூக்குத்தியும் போயிற்று. திருமாங்கல்யம் மட்டும் கழுத்திலேயே இருந்தது. அதில் அரைப் பவுன்கூடத் தேறாது. "அதுவும் தங்கந்தானே, பாட்டி?" என்று கேட்டேன். "தங்கம் இல்லேடா, அது உன் தாத்தா" என்றாள்.

பாட்டி ஒரே வரியில் சொன்னதை ஆராய இன்று குறியியல் என்று ஒரு சாஸ்திரமே இருக்கிறது. அதற்கு அடிகோலியவர்களில் ஒருவர் ஜினீவா நகரத்துப் பேராசிரியர் சொசூர். அவர் காலமான பிறகு, 1916-ல், அவருடைய வகுப்புப் பாடங்களை நூலாக்கி வெளியிட்டார்கள். சொல்லுக்கும் அதன் பொருளுக்கும் இயற்கையில் உறவு கிடையாது. ஊரார் ஒப்புக்கொண்டதால்தான் அது பொருள் தருகிறது என்பது அவர் கொள்கை. சதுரங்கத்தில் ஒரு குதிரை தொலைந்தால் புளியங்கொட்டையை வைத்து ஆடலாம். ஆடுகிற இருவரும் சம்மதித்தால் போதும்.

ஆனால் அந்தச் சம்மதம் எளிதில் கிடைக்கிறதா? நம் சரித்திரத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற் பராந்தக சோழன் மதுரையை வென்றான். தோற்ற பாண்டியன் ராஜசிம்மன் உதவி தேடி இலங்கைக்கு ஓடினான். அங்கே பிரபுக்களுக்குள் பூசல், உதவி கிட்டவில்லை. மனம் வெறுத்தவன், குல முடியையும் அரச சின்னங்களையும் அங்கேயே விட்டுவிட்டுக் கேரளத்துக்குப் போய்விட்டான். இலங்கையின் பழைய நூலான சூளவம்சம் இதைச் சொல்லுகிறது.

பராந்தகன் தில்லையம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன். அவனுக்கா பொன்னுக்குப் பஞ்சம்? வேண்டுமானால் நூறு முடிகள் செய்திருக்கலாம். ஆனால் மதுரையில் அரசனாக முடிசூட அவனுக்குப் பாண்டியரின் முடியே வேண்டியிருந்தது. நாடு கையில் இருந்தது. அது தன்னுடையதென்று சொல்லும் குறி கையில் இல்லை! இலங்கை வேந்தன் நான்காம் உதயனிடம் முடியைக் கேட்டு அனுப்பினான். உதயன் மறுத்தான். சோழர் படை கடல் கடந்தது. உதயனோ முடியுடன் தென்னிலங்கையின் ரோகண நாட்டுக்குள் புகுந்துவிட்டான். அங்கே நுழைய முடியாமல் படை வெறுங்கையுடன் திரும்பியது.

சுமார் எழுபது ஆண்டுகள் கழித்து, 1017-ஐ ஒட்டி, ராஜேந்திர சோழன் ஈழத்தை வென்று அந்த முடியைக் கைப்பற்றினான். பாண்டியன் அடைக்கலமாக வைத்த முடி என்று மெய்க்கீர்த்தியிலும் அதைப் பொறித்துக்கொண்டான். தன் மகனுக்குச் 'சோழ பாண்டியன்' என்று பெயர் சூட்டி மதுரையில் அமர்த்தினான். குறியும் வந்தது, பெயரும் வந்தது. சம்மதம் வந்ததா? ராஜேந்திரனின் இன்னொரு மகனான ராஜாதிராஜன், எழுந்து வந்த பாண்டியர்களோடு மறுபடி போரிட வேண்டியிருந்தது.

இருநூறு ஆண்டுகள் ஓடின. 1216-ல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். பிறகு ஆயிரத்தளியில், சோழர்கள் முடிசூடும் மண்டபத்துக்கே சென்று, அங்கே வீராபிஷேகம் செய்துகொண்டான். பராந்தகன் அன்று தேடியதுபோல் இவனும் எதிரியின் சின்னத்தையே தேடிப் போனான், பாருங்கள்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வென்ற நாட்டை அவன் சோழனுக்கே திருப்பிக் கொடுத்தான். அதனால் அவனுக்குக் கிடைத்த பட்டப் பெயர், 'சோணாடு வழங்கியருளிய' சுந்தர பாண்டியன்.

பறித்த முடியால் ராஜேந்திரனுக்கு மதுரையின் மனம் கிடைக்கவில்லை. சுந்தர பாண்டியனின் பெயரிலோ, அவன் எரித்த ஊர்களைவிடத் திருப்பிக் கொடுத்த நாடுதான் நிலைத்து நிற்கிறது. அடகுக் கடைத் தராசில் இதற்கெல்லாம் எடை ஏது? பாட்டியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.