உடலுக்கு இணங்கிய வண்டி

ஜெர்மனியில் நியூரம்பர்க் நகருக்கு அருகில் ஆல்ட்டார்ஃபில் வாழ்ந்த ஸ்டெபான் ஃபார்ஃப்லர் என்னும் கடிகாரத் தொழிலாளர் நடக்க இயலாதவர். கைகளால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றை 1655-ஆம் ஆண்டில் அவர் தமக்கெனச் செய்துகொண்டார். 1817-இல் கார்ல் வான் டிரைஸ் இரு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டுவதற்கு 162 ஆண்டுகள் முன்னரே, உடலுக்கு வண்டி இணங்க வேண்டும் என்னும் நெறி இவ்வாறு தோன்றிவிட்டது.

எனினும் 1870-களில் பரவிய சைக்கிளின் முன்சக்கரம் மிகப் பெரிதாக இருந்தது. பெடல்கள் அச்சக்கரத்திலேயே பொருந்தியிருந்தன. சிறு கல் தடுக்கினாலும் ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரும். முதியோரும் உடல் நலிந்தோரும் அதனை அணுக அஞ்சினர்.

1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளை உருவாக்கினார். சங்கிலி பின்சக்கரத்தை இயக்கியதால் ஆசனம் தாழ்ந்தது. தரை, பெடல், கைப்பிடி ஆகிய மூன்றுக்கும் ஆசனத்திலிருந்து உரிய தூரம் அமைய வேண்டும், களைப்புக் குறைய வேண்டும் என்பதே தமது நோக்கம் என 1898-இல் அவர் விளக்கினார்.

அந்த நெறி இன்றும் பயன் தருவதே. ஆசனம் மிகத் தாழ்ந்திருந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி முன்புறம் நோகும். பெடல் அடிநிலையில் இருக்கும்போது கால் சற்றே வளைந்திருக்குமாறு ஆசனத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துதல் நலம். குனிவதால் முதுகோ கழுத்தோ நோகுமாயின் கைப்பிடியை உயர்த்தலாம். எட்டிப் பிடிக்க நேருமாயின் ஆசனத்தைச் சற்று முன்னே நகர்த்திப் பார்க்கலாம். தீராத வலிக்கு மருத்துவரை நாடுதல் வேண்டும்.

வலி கண்டவுடன் சைக்கிளைக் கைவிட எண்ணும் அன்பர்கள், முதலில் ஸ்பானரைக் கையில் எடுப்பார்களாக!