அப்போலோவின் வடிவும் ஆதாமின் வடிவும்

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவின் செப்புத்தகட்டுச் சித்திரங்களை வெறும் கலைப்பொருள்களாகக் கருதுதல் போதாது. தனக்கு முந்திய சமயங்களைக் கிறிஸ்தவ உலகம் எவ்வாறு நோக்கிற்று என்பதற்கும் அவை சான்று பகருகின்றன.

நூரென்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டூரர், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிரேக்கத் தேவனாகிய அப்போலோ வில்லை வளைத்து நிற்கவும், தியானாள் மானைத் தடவி அமர்ந்திருக்கவும் ஒரு சித்திரம் செதுக்கினார். எபேசியர் மகா தேவியெனப் போற்றிய தியானாளே இவள். 1504-இல் அவர் செதுக்கிய 'ஆதாமும் ஏவாளும்' என்னும் சித்திரத்திலோ, ஆதாமின் உடலமைப்பு அப்போலோவின் பண்டைச் சிலையைத் தழுவியது. முன்னோர் அப்போலோவுக்கு அளித்த அழகிய அளவுகளைக் கிறிஸ்துவுக்கே உரியனவாக்கலாம் என்றும் டூரர் பின்னர் எழுதினார். லூத்தரைப் பெரிதும் மதித்த இக்கலைஞருக்குக் கிரேக்கத் தெய்வங்கள் இடறலாகவில்லை.

இதனோடு நம் நாட்டு நிகழ்ச்சியொன்றை ஒப்பிடுவோம். 1717-இல் கடலூரில் பள்ளி நிறுவிய சீகன்பால்க், அதற்கு முன்னரே, 1713-இல், தரங்கம்பாடியில் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு வரிசையை ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். பரம்பொருள், மும்மூர்த்திகள், கிராம தேவதைகள், தேவர்கள் என நான்கு பகுதிகளாகத் தமிழர் சமயத்தை அவர் வகுத்துரைத்தார். ஹாலே நகரத்துப் பிராங்கே அதனை அச்சிட விரும்பவில்லை. புறச்சமயத்தை ஒழிக்கச் சென்றோர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பதே அவர் எண்ணம். 154 ஆண்டுகள் கழித்து, 1867-இல், ஜெர்மானின் முயற்சியால் அந்நூல் சென்னையில் அச்சேறியது.

இவ்வேறுபாடு எதனால்? அப்போலோவின் கோயில்களில் வழிபடுவோர் எவருமிலர். ஆகவே அவன் அச்சமூட்டவில்லை. தமிழ்நாட்டிலோ ஆலய மணி ஓயவில்லை. பிராங்கேயின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட வேண்டுவதில்லை. ஆயினும், சீகன்பால்க் அத்தெய்வங்களை ஏற்றவரல்லர். ஏற்காததை உள்ளவாறே உரைக்க முயன்றவர்.

கெடிலக் கரையிலுள்ள மஞ்சக்குப்பத்துச் சபையார்க்கு இது பழங்கதையன்று. அருகே திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயில் நிற்கிறது. அங்கு வழிபடுவோர் நம் அயலார், பலர் நம் உறவினர். மறைந்த தெய்வங்களுக்கு மரியாதை செய்தல் எளிது; உயிரோடிருக்கும் அயலானின் நம்பிக்கையைத் திரிக்காமல் அறிந்துரைப்பதே அரிது. பொய்ச்சாட்சியைத் தடுக்கும் கற்பனை அவனுடைய சமயத்தைப் பற்றி நாம் பேசும் பேச்சையும் கட்டுப்படுத்துகிறதன்றோ?