முடிச்சுகளுக்குள் மறைந்த விரல்கள்

முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்புகளை ஒட்டிய வீடுகளில் விருந்தினர் வந்தால் கோரைப்பாய் விரிப்பார்கள். ஆலயத்தில் பெருவிழா வந்தால் பீடத்தின்முன் கம்பளம் விரிப்பார்கள். மதிப்புக்குரியவரின் பாதம் வெறுந்தரையில் படலாகாது என்ற பண்பே இரண்டிலும் விளங்குகிறது. ரத்தினக் கம்பளம் என்று நம் முன்னோர் வியந்து அழைத்த அந்த விரிப்பின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

தறியில் நிற்கும் பாவு இழைகளில் கம்பளி நூலையோ பட்டு நூலையோ ஒவ்வொன்றாக முடிந்து அறுத்து, வரிசைதோறும் ஊடையிட்டு, சீப்பு போன்ற கருவியால் அடித்து இறுக்குவதே பாரசீக முறை. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள அர்தபீல் கம்பளம் ஹிஜ்ரி 946, அதாவது கி.பி. 1539-40 என்ற ஆண்டைத் தாங்கி நிற்கிறது. நீளம் ஏறத்தாழ பத்தரை மீட்டர். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 340 முடிச்சுகள். மக்சூத் காஷானி என்ற ஒரு பெயர் அதில் நெய்யப்பட்டுள்ளது. முடிச்சிட்ட மற்றவர்களின் பெயர்கள் இல்லை.

கிறிஸ்தவ உலகமும் கீழைநாட்டுக் கம்பளங்களை விரும்பி ஏற்றது. 15-ஆம் நூற்றாண்டில் ஹான்ஸ் மெம்லிங் என்ற ஓவியர் அன்னை மரியாவின் அரியணைக்கடியில் அவற்றைத் தீட்டினார். 1601-இல் போலந்தின் கத்தோலிக்க மன்னர் மூன்றாம் சிகிஸ்முண்டு, பட்டுக் கம்பளங்கள் வாங்குவதற்கென்றே ஆர்மீனிய வணிகர் ஒருவரைப் பாரசீகத்தின் காஷான் நகருக்கு அனுப்பினார்.

நம் நாட்டில் அக்பர் காலத்தில் ஆக்ரா, ஃபத்தேபூர், லாகூர் நகரங்களில் இக்கலை வேரூன்றியதை அபுல் ஃபசல் எழுதி வைத்துள்ளார். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஏலூருவும் கம்பளத்துக்குப் பெயர்பெற்று விளங்கியது. ஆங்கிலேயர் ஆட்சியில் சிறைக் கைதிகளைக் கொண்டு மலிவாக நெய்யும் வழக்கம் பெருகியது. அது பரம்பரை நெசவாளரின் கலையைச் சிதைக்கிறது என்று ஜார்ஜ் பேர்ட்வுட் 1880-இல் வெளிவந்த தம் நூலில் வருந்தினார். கைதிக்குப் பின் மலிவுக்குப் பலியானது குழந்தை.

பாகிஸ்தானின் இக்பால் மசீ ஒரு கிறிஸ்தவச் சிறுவன். மசீ என்றால் மெசியா. சில நூறு ரூபாய்க் கடனுக்காகக் கம்பளத் தறியில் கொத்தடிமையானான். தப்பி வந்து, தன்போன்ற பிள்ளைகளின் விடுதலைக்காக உலக அரங்கில் பேசினான். 1995 ஏப்ரல் 16, உயிர்ப்புப் பெருவிழா நாளன்று, ஏறத்தாழ பன்னிரண்டு வயதில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

பிஞ்சு விரல்களே நுண்ணிய முடிச்சிட வல்லவை என்று வணிகர் கூறிவந்த சாக்கு ஆதாரமற்றது என்பதை, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குழந்தை உழைப்பின்றி நெய்த கம்பளத்துக்கு முத்திரையிடும் ரக்மார்க் திட்டம், கைலாஷ் சத்யார்த்தி போன்றோரின் முயற்சியால் 1994-இல் எழுந்தது. பின்னாளில் குட்வீவ் எனப் பெயர் மாறியது. சத்யார்த்திக்கு 2014-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பணியமர்த்துவதை, குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகளுடன், நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடை செய்தது.

விடுதலைப் பயண நூலின் 35-ஆம் அதிகாரத்தை நாம் மீண்டும் வாசிப்பது நன்று. திருக்கூடாரத்துக்கு நெய்தும் செதுக்கியும் பணியாற்றிய பெட்சலேல், ஒகொலியாபு ஆகியோரைக் குலத்தோடும் தந்தை பெயரோடும் அது குறிப்பிடுகிறது. அவர்களின் கைத்திறனை இறைவனின் கொடை என்கிறது. கூடாரம் செய்து பிழைத்த புனித பவுலும் உழைக்கும் கையின் மாண்பை அறிந்தவரே. இறைவன் பெயர் சொல்லி அழைக்கும் தொழிலாளியை நாம் பெயரற்றவராக்கலாமா?

ஆகவே இல்லத்துக்கோ ஆலயத்துக்கோ கம்பளம் வாங்கும்போது, விலையை மட்டுமன்றி, நெய்தவர் யார் என்றும் கேட்போம். விடை தெளிவாக இல்லையெனில் வாங்காது திரும்புவோம். கம்பளத் தறியாயினும், நம் பகுதியில் முந்திரிக் கொட்டை உடைக்கும் களமாயினும் அது பிள்ளையின் இடமன்று. பிள்ளையின் இடம் பள்ளிக்கூடம். கம்பளம் கிடைக்காத பெருவிழாவில் கோரைப்பாயை விரித்தாலும் ஆண்டவர் வருவார்.