பாடாங் ஓரத்து மதுக்கூடம்

முன்பு பாடாங் எனப்பட்ட கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தில், சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு எதிரே, வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நீண்ட கட்டடம் ராயல் சிலாங்கூர் கிளப். முக்கோண முகப்பும் சரிந்த கூரையும் இங்கிலாந்துக் கிராமத்து மதுக்கூடத்தின் சாயல்.

1884இல் கிளப் தொடங்கியபோது இந்த மிடுக்கு கிடையாது. பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமான சிறு கொட்டகைதான். தொடக்க உறுப்பினர்களில் தமிழ்ச் சமூகத் தலைவர் கே. தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். 1890 வாக்கில் கட்டடக் கலைஞர் ஏ.சி. நார்மன் இரண்டு மாடிக் கட்டடம் எழுப்பினார்; 1910இல் ஏ.பி. ஹப்பாக் அதன் இருபுறமும் கட்டடம் சேர்த்து விரித்தார். அதே ஆண்டுகளில் மஸ்ஜித் ஜாமெக்குக்கும் ரயில் நிலையத்துக்கும் குவிமாடங்களை வரைந்தவரும் அவரே. தொழுகைக்கும் பயணத்துக்கும் முகலாய பாணி, பெரும்பாலும் வெள்ளையர் மாலையில் ஒதுங்கும் இடத்துக்கு மட்டும் சொந்த ஊர்ப் பாணி. இந்தப் பாகுபாடு தற்செயலாகத் தோன்றவில்லை.

டியூடர் மன்னர்கள் ஆண்ட 1485–1603 காலத்து இங்கிலாந்தில் இந்தக் கறுப்புச் சட்டங்கள் அலங்காரமல்ல. ஓக் மரத்தில் கூடு கட்டி, இடைவெளிகளில் குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். கூரையைத் தாங்குவது மரம். சுவர் வெறும் மறைப்பு. பச்சை மரம் காயக் காய முறுக்கிக்கொள்வதால் சட்டங்கள் சற்று வளைந்து கோணலாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழமை மோகம் பிடித்தபோது, தோற்றம் மட்டும் தங்கி, பாரம் செங்கல்லுக்குப் போனது. பாடாங்குக்கு வந்து சேர்ந்தது இந்தப் போலி டியூடர்தான்.

ஆனால் முகப்பைத் தாண்டினால் ஊர் மாறிவிடும். குளிருக்கு அஞ்சிய கிராமத்து மதுக்கூடத்தில் தாழ்ந்த கூரை, சிறு சன்னல், நடுவில் கணப்படுப்பு. இங்கே கணப்புக்கு என்ன வேலை? வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற நீண்ட திறந்த வராந்தா, அதில் உட்கார்ந்தபடி கிரிக்கெட் பார்க்கலாம். நீண்ட மதுமேடை கொண்ட ‘லாங் பார்’ நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே. உறுப்பினர்கள் கிளப்பை ‘புள்ளி நாய்’ என்று அழைத்தார்கள். போலீஸ் அதிகாரி ஒருவரின் மனைவி வாசலில் விட்டுச்செல்லும் நாய்களால் வந்த பெயர் என்பது ஒரு கதை. பல இனத்தவரும் உறுப்பினர்களாக இருந்ததற்கான கிண்டல் என்பது இன்னொன்று. எதுவானாலும், கிராமத்து மதுக்கூடத்தின் பெயர்ப் பலகைக்குக் கச்சிதமான பெயர்.

1970இல் பிடித்த தீ கட்டடத்தின் பெரும்பகுதியை அழித்தது. ஆட்சி மாறியிருந்தும், மறுபடி கட்டும்போது ஏறக்குறைய அதே கறுப்பு வெள்ளை முகப்பையே தேர்ந்தார்கள். நூறாண்டு நிறைந்த 1984இல் கிளப்புக்கு ‘ராயல்’ பட்டம் கிடைத்தது, சிலாங்கூர் சுல்தானிடமிருந்து.