வழிகாட்டியும் கற்சுவரும்: லிகூரியக் கரையின் ஐந்து கிராமங்கள்

இத்தாலியின் வடமேற்குக் கரையில், லா ஸ்பெத்சியா நகருக்கு மேற்கே, மலை செங்குத்தாகக் கடலுள் இறங்கும் ஒரு பகுதியில் மொந்தெரோசோ, வெர்னாத்சா, கோர்னிலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்னும் ஐந்து கிராமங்கள் அமைந்துள்ளன. சிங்குவே தெர்ரே, அஃதாவது ‘ஐந்து நிலங்கள்’, என்பது இவற்றின் பொதுப்பெயர். தனிவழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு இக்கிராமங்களை ஒரே நாளிற் கண்டு மீளும் பயணம் இன்றைய ஐரோப்பிய உல்லாசப் பயணத் தொழிலின் பெயர்பெற்ற பண்டங்களுள் ஒன்றாகிவிட்டது. காலையிற் புகையிரதத்திலோ படகிலோ வந்திறங்கும் பயணி வண்ணம் பூசிய வீடுகளையும், பாறைமேல் நிற்கும் காவற்கோபுரத்தையும், கடலை நோக்கிப் படிப்படியாக இறங்கும் திராட்சைத் தோட்டங்களையும் கண்டு, இயற்கையின் பேரழகைக் கண்டதாகவே எண்ணித் திரும்புகிறான். ஆனால் அம்மலைச் சரிவில் இயற்கை தந்தவாறே எஞ்சியிருப்பது மிகச் சொற்பம். கண்ணுக்குப் படுவனவற்றுட் பெரும்பகுதி மனிதக் கைகள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகச் செய்து வந்தவை. அவ்வுழைப்புக் குன்றத் தொடங்கிய காலமும், அவ்விடம் ‘அழகிய காட்சி’ எனப் பெயர்பெறத் தொடங்கிய காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்தமை வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது.

இத்தாலியில் வழிகாட்டியை அமர்த்திப் பயணஞ் செய்யும் வழக்கம் புதியதன்று. வழிகாட்டியைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘சிச்செரோனே’ என்னும் சொல்லே உரோம நாவலரான சிசரோவின் பெயரிலிருந்து பிறந்தது. வழிகாட்டிகளின் வாய்வன்மையைக் கண்டு யாரோ நகையாடி இட்ட பெயராதல் வேண்டும். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலப் பிரபுக் குடும்பத்து இளைஞர்கள் கல்வியை நிறைவுசெய்யும் பொருட்டு ஆசிரியர் ஒருவரோடு இத்தாலிக்குச் செல்வது மரபாயிருந்தது. அவ்வாசிரியரைக் ‘கரடி நடத்துவோர்’ என ஆங்கிலேயர் கேலி செய்தனர். உரோம் நகரை அடைந்ததும் அங்கு வதியும் அறிஞர் ஒருவரிடம் இளைஞர் ஒப்படைக்கப்படுவர். வரலாற்றாசிரியர் எட்வேர்ட் கிபன் 1764ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பயர்ஸ் என்னும் ஸ்கொத்லாந்தியரின் வழிகாட்டலிற் பதினெட்டு வாரங்கள் உரோமைப் பார்வையிட்டார். கலை வரலாற்றியலின் முன்னோடியாகிய விங்கல்மானும் செல்வர்க்கு வழிகாட்டியாயிருந்தவரே. தனிவழிகாட்டியோடு செல்லும் பயணம் இவ்வகையிற் செல்வர் கல்வியின் ஓர் உறுப்பு. ஆயினும் அக்கல்வியின் பொருள் உரோமரின் இடிபாடுகளும் ஓவியங்களுமே. உயிரோடு உழைத்துக்கொண்டிருந்த மீனவனும் உழவனும் அதில் இடம்பெறவில்லை.

அப்பயணிகள் லிகூரியக் கரையை விரும்பிச் சென்றனர் என்றும் கூற இயலாது. அது கடக்கவேண்டிய ஓர் இடையூறாகவே கருதப்பட்டது. தாந்தே தமது காப்பியத்தில் உத்தரிக்கும் தலத்து மலையின் செங்குத்தை உணர்த்த வேண்டியபோது, லெரிச்சிக்கும் தூர்பியாவுக்கும் இடைப்பட்ட கரையையே ஒப்புக்கு எடுத்துக்கொண்டார். உலகில் மிகக் கரடுமுரடான வழி எதுவெனில் பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியர்க்கு இக்கரையே நினைவுக்கு வந்தது. ஜெனோவாவிலிருந்து தெற்கே செல்லும் பெருவீதி இப்பகுதியைத் தவிர்த்து உள்நாட்டு மலைகளினூடாகச் சென்றது. கடல்வழி செல்வோர் ‘பெலூக்கா’ எனப்படும் சிறு படகிற் கரையோரமாகச் சென்றனர். 1764இல் ஜெனோவாவிலிருந்து லெரிச்சிக்கு அவ்வாறு சென்ற நாவலாசிரியர் தொபியாஸ் ஸ்மொலெற் முதலியோர்க்கு இக்கிராமங்கள் படகிலிருந்து தொலைவிற் தெரிந்த சில புள்ளிகளே.

அப்புள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது யாது? வெர்னாத்சாவின் பெயர் 1080ஆம் ஆண்டு ஆவணமொன்றில் இடம்பெறுகிறது. கடற்கொள்ளையர்க்கு அஞ்சி மலையுச்சிகளில் வாழ்ந்த மக்கள் ஏறத்தாழ அக்காலத்தில் கடலை நோக்கி இறங்கினர். அவர்களுக்குச் சமநிலம் என ஒன்றிருக்கவில்லை; எனவே அதனைச் செய்துகொள்ளவேண்டியதாயிற்று. காட்டை வெட்டி, பாறையை உடைத்து, பெரிய கற்களைக் கொண்டு சரிவிற்குக் குறுக்கே சுவர் எழுப்பினர். சுவருக்குப் பின்னே சிறுகற்களை இட்டு, அதன்மேல் உடைந்த பாறைத்தூளையும் சுமந்து வந்த மண்ணையும் நிரப்பினர். இவ்வாறு இரண்டொரு மீற்றர் அகலமான ஒரு படிநிலம் உருவாகும். அதன்மேல் இன்னொரு சுவர், இன்னொரு படி என மலைமுகடுவரை இது தொடர்ந்தது. சுவர்களிற் சுண்ணச் சாந்து கிடையாது. இது வறுமையால் நேர்ந்த குறையன்று. சாந்திட்ட சுவர் மழைநீரைத் தேக்கும். தேங்கிய நீரின் பாரத்தால் ஒருநாள் மொத்தமாகச் சரியும். சாந்திடாத சுவரோ கற்களின் இடைவெளியினூடாக நீரைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். ஆகவே சுவர் என்பது நிலத்தைத் தாங்கும் பொறியாக மட்டுமன்றி, மலை முழுவதற்குமான வடிகாற் பொறியாகவும் அமைந்தது.

ஆயினும் அப்பொறி தானாக இயங்குவதன்று. மாரி தோறும் சில கற்கள் பெயரும். செடியின் வேர் நுழைந்தால் சுவர் வயிறு தள்ளும். அவ்விடத்தைப் பிரித்து மீண்டும் அடுக்காவிடில் அடுத்த மழையில் அது வாயாகத் திறந்துவிடும். மேற்படியின் சுவர் விழுந்தால் கீழ்ப்படியும் நிலைக்காது. ஆதலால் அயலவன் சுவர் தன் சுவராயிற்று. இச்சுவர்களின் மொத்த நீளம் சில ஆயிரம் கிலோமீற்றர் எனக் கணிக்கப்படுகிறது. சீனப் பெருஞ்சுவரோடு இதனை ஒப்பிடுவது வழிகாட்டிகளின் வழக்கம். ஒப்பீடு கவர்ச்சியானதே, எனினும் அடிப்படையிற் பிழையானது. சீனச் சுவர் பேரரசின் ஆணையால் எழுந்தது. இங்கோ ஆணையிட்ட அரசனும் இல்லை, திட்டமிட்ட சிற்பியும் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய துண்டு நிலத்தைக் காக்கும் பொருட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய சுவர் இது. கட்டியவர் எவருடைய பெயரையும் வரலாறு குறித்து வைக்கவில்லை.

இப்படிநிலங்களின் முதன்மை விளைபொருள் திராட்சை மது. 1276இல் இப்பகுதி பியெஸ்கி குடும்பத்தாரிடமிருந்து ஜெனோவாக் குடியரசின் கைக்கு மாறியது. கடல்வாணிகத்தால் வளர்ந்த அந்நகரின் சந்தை இம்மதுவுக்கு வாய்த்தது. பொக்காச்சியோவின் தெக்கமெரோன் கதையொன்றிற் சிறைப்பட்ட மடாதிபதி ஒருவரின் வயிற்றுநோய் வாட்டிய ரொட்டியாலும் கோர்னிலியாவின் மதுவாலும் குணமாகிறது. அக்காலப் புளோரென்ஸ் வாசகர் அறிந்திருந்த சரக்கு அது என்பதற்கு இஃதொரு சான்று. பழத்தை நிழலில் உலர்த்திப் பிழியும் ‘சியக்கெத்ரா’ என்னும் இனிப்பு மது மிகச் சிறிய அளவிலேயே கிடைத்தது. வீட்டார் அதனைத் திருமணம் முதலிய நாள்களுக்கென ஒதுக்கி வைத்தனர். மொந்தெரோசோவில் நெத்தலி பிடித்து உப்பிடுவதும் ஒரு தொழில். எருதும் வண்டியும் ஏற இயலாத அச்சரிவிற் பழக்கூடைகளும் கற்களும் மனிதத் தலையிலும் தோளிலுமே சென்றன. அச்சுமையிற் பெரும்பங்கு பெண்களுடையது. கடற்கரையிலிருந்து ஏறக்குறைய நூறு மீற்றர் உயரத்திலுள்ள கோர்னிலியாவுக்குப் புகையிரத நிலையத்திலிருந்து இன்று 382 படிகள் ஏறவேண்டும்; கைப்பையோடு ஏறும் பயணியே இடையில் நின்று மூச்சு வாங்குகிறான்.

மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று, நோக்கில் ஏற்பட்ட மாற்றம். முன்பு அச்சம் தந்த செங்குத்துப் பாறையும் கொந்தளிக்கும் கடலும் புனைவியற் கவிஞரின் காலத்தில் வியப்புக்குரியனவாயின. 1822இல் ஷெல்லி லிவோர்னோவிலிருந்து லெரிச்சிக்குத் திரும்புகையிற் கடலில் மூழ்கி மாண்டார். அக்குடா இன்று கவிஞர் குடா என வழங்குகிறது. மறேயின் வட இத்தாலிக் கைநூல் 1842இல் வெளிவந்தது. 1860களிற் பேடெக்கரின் நூல்களும் வந்தன. 1864இல் தோமஸ் குக் தமது முதற் குழுவினரை இத்தாலிக்கு இட்டுச் சென்றார். வழிகாட்டி மனிதனின் இடத்தை வழிகாட்டி நூல் பிடித்தது; செல்வரின் தனியுரிமையாயிருந்த பயணம் நடுத்தர வகுப்பினர்க்கும் எட்டியது.

மற்றையது, உற்பத்தியில் ஏற்பட்ட மாற்றம். 1869இல் லா ஸ்பெத்சியாவிற் கடற்படைத் தளத்தின் ஆயுதக் கட்டுமானசாலை திறக்கப்பட்டது. 1874இல் ஜெனோவா, லா ஸ்பெத்சியா இருப்புப்பாதை நிறைவெய்தியது. மலையைக் குடைந்து சென்ற அப்பாதை கிராமங்களை முதன்முறையாக வெளியுலகோடு நாளாந்தம் இணைத்தது. அதே பாதைவழியே ஆண்கள் மாதச் சம்பளம் நாடிக் கட்டுமானசாலைக்குச் சென்றனர். திராட்சைத் தோட்டம் மாலைவேளைக்கும் பெண்களுக்கும் முதியோர்க்கும் உரியதாயிற்று. 1920களில் பிலொக்சேரா என்னும் வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தது. முன்னர் ஆயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்டிருந்த தோட்டப்பரப்பு பிற்காலத்தில் ஏறத்தாழ நூறு ஹெக்டேயராகச் சுருங்கிற்று. ஆக, பயணிகளைக் கொண்டுவந்த அதே தண்டவாளமே சுவர் கட்டுவோரைக் கொண்டு சென்றது.

ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையிற் பாறையிற் செதுக்கப்பட்டுள்ள ‘காதல் வழி’யின் தோற்றமும் இவ்வகையில் நோக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருப்புப்பாதைச் சுரங்க வேலைகளின்போது வெடிமருந்தைக் குடியிருப்புக்குத் தொலைவில் வைக்கவேண்டிய தேவையோடு தொடர்புற்றுப் பிறந்தது அப்பாதை. இரு ஊர்களுக்கும் இடையில் அதுவரை இருந்தது மலைமுகட்டைக் கடக்கும் செங்குத்தான படிவழி மட்டுமே. புதுவழியில் இரு ஊர் இளைஞரும் சந்திக்கத் தொடங்கினர். பெயர் அவ்வாறு வந்தது. பயணிகள் பெயரை அறிவர், வெடிமருந்தை அறியார்.

தெற்கே அமால்பிக் கரையின் வரலாறும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கரைவீதி வந்தது; பொசித்தானோ மக்களிற் பெருந்தொகையினர் அமெரிக்கா சென்றனர்; 1953இல் ஜோன் ஸ்ரைன்பெக் ஹாப்பர்ஸ் பசார் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை அவ்வூரை உலகறியச் செய்தது. மறு ஆண்டு, 1954 ஒக்ரோபர் 25ஆம் நாள் இரவு, சலேர்னோ, வியெத்ரி, மயோரி முதலிய இடங்களில் வெள்ளமும் மண்சரிவும் முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன.

ஐந்து கிராமங்களின் புகழ் சற்றுப் பிந்தியது. கவிஞர் மொந்தாலே 1975இல் நோபெல் பரிசு பெற்றபோது, அவர் இளமைக் கோடைகளைக் கழித்த மொந்தெரோசோவும் பேசப்பட்டது. 1980களிலிருந்து அமெரிக்க வழிகாட்டி நூலாசிரியர் றிக் ஸ்ரீவ்ஸ் இவ்விடத்தைப் பரவலாக அறிமுகஞ் செய்தார். 1997இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1999இல் தேசியப் பூங்கா அமைந்தது. யுனெஸ்கோ இதனை இயற்கைத் தலமாகவன்றிப் பண்பாட்டு நிலத்தோற்றமாகவே ஏற்றது என்பதை வலியுறுத்திக் கூறவேண்டும். நாலாயிரத்துக்கும் குறைந்தோர் வாழும் ஊர்களுக்கு ஆண்டுதோறும் மிலியன் கணக்கானோர் வரலாயினர். மீன்பிடி வீடுகள் வாடகை அறைகளாயின. ஓர் அறையின் கோடை வருவாய், ஒரு தோட்டத்தின் ஆண்டு வருவாயை விஞ்சும்போது, கல் அடுக்குமாறு ஒருவனை எவ்வாறு வற்புறுத்த இயலும்? அவனைக் குறைகூறுவது பயணிக்கு எளிது. அவன் பாட்டி சுமந்த கூடையைப் பயணி சுமந்ததில்லை.

2011 ஒக்ரோபர் 25ஆம் நாள், அமால்பி வெள்ளத்தின் அதே நாளில், அப்பிரதேசத்தின் சில இடங்களில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. வெர்னாத்சாவின் நடுத்தெருவில் முதன்மாடி உயரத்துக்குச் சேறும் கல்லும் வந்து நிறைந்தன. மொந்தெரோசோவும் பாதிக்கப்பட்டது. இரு ஊர்களிலும் உயிர்கள் பலியாயின. அத்தகைய மழைக்கு எச்சுவரும் முற்றாக ஈடுகொடுத்திராது எனலாம். ஆயினும் மேலே கைவிடப்பட்ட படிநிலங்களின் மண்ணும் கற்களும் கீழே இறங்கி வந்தவற்றுள் அடங்கும். தெருவை அடைத்துக் கிடந்தது ஒருவகையில் மூதாதையரின் உழைப்பே. அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் காதல் வழியில் பாறை சரிந்து நான்கு அவுஸ்திரேலியப் பயணிகள் காயமுற்றனர். மூடப்பட்ட அவ்வழி 2024இலேயே முழுமையாகத் திறக்கப்பட்டது. முன்பதிவும் கட்டணமும் விதிக்கப்பட்டன.

வழிகாட்டியின் தொழில் இங்கு ஒரு புதிய பொருளைப் பெறுகிறது. 2018இற் சாந்திடாத கற்சுவர் கட்டும் கலையை எட்டு ஐரோப்பிய நாடுகளின் பொது மரபாக யுனெஸ்கோ ஏற்றது. அவற்றுள் இத்தாலியும் ஒன்று. 2023இல் நிறைவேறிய சட்டமொன்று வழிகாட்டிகளுக்குத் தேசிய அளவிலான பரீட்சையையும் பதிவேட்டையும் ஏற்படுத்தியது. பரீட்சை எழுதும் வழிகாட்டி திருக்கோயில்களின் ஆண்டுகளையும் ஓவியரின் பெயர்களையும் ஒப்புவிப்பது எதிர்பார்க்கத்தக்கதே. கிபன் காலத்திலிருந்து வரும் கல்வி அது. மனரோலாவுக்கு மேலேயுள்ள தோட்டங்களினூடாகப் பயணியை அழைத்துச் சென்று, வயிறு தள்ளிய ஒரு சுவரையும் புதிதாக அடுக்கிய ஒரு சுவரையும் அருகருகே காட்டுபவரும் அவர்களிடையே உண்டு. செப்ரெம்பர் மாதத்தில் அவ்வழியே செல்வோர் தோட்டங்களுக்கிடையே ஒற்றைத் தண்டவாளத்தில் பழப்பெட்டிகள் ஏற்றிய சிறுபொறியொன்று இரைந்துகொண்டு மலையேறுவதைக் காணலாம். முன்னர் பெண்களின் தலை சுமந்த பாரத்தை இன்று அது சுமக்கிறது. பெயர்ந்த கல்லை எடுத்து வைப்பதற்கு மட்டும் இன்றும் கையே வேண்டியிருக்கிறது.