பிஜித் தோட்டத்துப் பெண்டிர்

எங்கள் உடன்குடி வட்டாரத்திற்குக் கடல் கடத்தல் புதிதன்று. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு சென்று, கடை வைத்துப் பொருளீட்டி மீண்டவர்கள் இங்கே பலர். வாணிகன் நினைத்தபோது திரும்பலாம். ஒப்பந்தக் கூலியாய்ச் சென்றவர் நிலையோ வேறு. அதனைப் பிஜித் தீவின் வரலாறு நன்கு காட்டும்.

1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவற்றில் தமிழரும் இருந்தனர். ஒப்பந்தம் ஐந்தாண்டு. 100 ஆடவருக்கு 40 பெண்டிர் என்பது விதி. வேலைக்கு வாராமை அங்கே தண்டனைக்குரிய குற்றம்.

அத்தோட்டங்களில் கொலையும் தற்கொலையும் மிகுந்தன. காரணம் யாது? பெண்கள் குறைவு, வந்தவர்களும் ஒழுக்கமற்றவர்கள், ஆகவே ஆடவரிடையே பொறாமை மூண்டது என அதிகாரிகள் எழுதி வைத்தனர். தொழிலாளர்பால் இரக்கம் கொண்டோர் சிலரும் அதனையே நம்பினர்.

இப்பழியை ஆராய்ந்தவர் பேராசிரியர் பிரிஜ் லால். 1952இல் பிஜியில், ஒப்பந்தக் கூலியின் பேரராகப் பிறந்தவர், 2021இல் மறைந்தார். கல்கத்தா வழியாகச் சென்ற 45,439 பேரின் குடியேற்றச் சீட்டுகளை அவர் ஒவ்வொன்றாய்க் கணக்கிட்டார். அப்பெண்டிர் ஆடவரைப் போலவே பல சாதிகளிலிருந்தும் வந்தவர்கள் என்றும், வறுமையாலும் குடும்பத் துயராலும் முன்னரே பிழைப்புத் தேடி ஊரை நீங்கியவர் அவருள் பலர் என்றும் கண்டார். தற்கொலைக்குப் பொறாமை ஒன்றையே காரணமாக்குதல் பொருந்தாது. கடும் வேலையையும், மேலாளரின் கொடுமையையும், சுற்றத்தைப் பிரிந்த தனிமையையும் எண்ணவேண்டும் என்றார்.

சான்றாக ஒன்று சொல்வேன். 1913 ஏப்ரலில், குந்தி என்னும் இளம்பெண் தனித்த இடத்தில் வேலைக்கு விடப்பட்டாள். தகாத எண்ணத்துடன் அங்கு வந்த மேலாளனிடமிருந்து தப்பி ஆற்றில் குதித்தாள். படகில் வந்த சிறுவன் ஒருவன் காப்பாற்றினான். அவள் முறையீடு இந்தியப் பத்திரிகையில் வெளிவந்து நாட்டை உலுக்கியது. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரும் அத்தோட்டத்துப் பெண்களுக்காகக் கண்ணீர் மல்கப் பாடினார். எதிர்ப்பு வலுத்தது, 1920 ஜனவரி முதல் நாள் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பெற்றன.

வரலாறு கற்பித்த ஆசிரியன் என்ற முறையில் இளைஞர்க்கு நான் கூறுவது இது: பழைய ஏட்டில் ஒருவர்மீது குற்றம் எழுதியிருந்தால், எழுதியவர் யார், எழுதியதனால் எவர் குற்றம் மறைந்தது என்று கேளுங்கள். குந்தியின் குரல் கேட்டது. பெயரும் எஞ்சாத மற்றப் பெண்களுக்காக நாம்தான் அக்கேள்வியைக் கேட்கவேண்டும்.